வலிக்காத புண்ணுக்கு எந்தக் களிம்பு?

சித்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 58 வயது, 14 வருடமாகச் சுகர். அலிபிரி வழியாகத் திருமலைக்கு வெறுங்காலோடு ஏறிவிட்டு வந்தார். கட்டைவிரலுக்குக் கீழே பாதத்தில் கொப்புளம் வந்து உடைந்து, ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. வலியே இல்லை என்று சொல்லிக்கொண்டு தினமும் பால் கேனோடு சொசைட்டிக்கு நடக்கிறார். எந்தக் களிம்பு போடலாம்?"

களிம்பை விடுங்கள். வலியே இல்லை என்கிறாரே, எனக்கு அதுதான் பயம். காலில் முள் குத்தினால் நாம் நொண்டுகிறோம் இல்லையா, அந்த நொண்டல்தான் புண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு. சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போனவருக்கு அது கிடையாது. 3,550 படி ஏறும்போது கல் உறுத்தியதும் தெரியாது, அப்புறம் அதே புண்மேல் உடம்பு எடை முழுக்க வைத்து மிதிப்பதும் தெரியாது. உங்களுக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில், டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் காலில் பார்த்ததும் இதைத்தான்: சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாமல் மிதித்து மிதித்தே புண்ணானது.

ஆகவே முதல் மருந்து, புண்மேல் எடை விழாமல் செய்வது. முழங்காலுக்குக் கீழே போடும் ஒருவகை மாவுக்கட்டு உண்டு, எடையைக் கால் முழுக்கப் பரப்பிவிடும். ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, கிருமி பெரிதாகப் பரவாமலும் இருந்தால் இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. பல வாரம் பொறுக்க வேண்டும். மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு புண் ஆறிய பிறகு, திரும்ப வராமலிருக்க. இப்போதே அதை வாங்கிக் கொடுத்து நடக்கவிடாதீர்கள்.

கட்டுப் போடும் முன் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனை சுகர்காரர்களுக்குச் சிலசமயம் ஏமாற்றும், ரத்தக்குழாய் கெட்டிப்பட்டிருந்தால் எண் நன்றாகவே வரும், அதனால் கால்விரல் அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மழுங்கிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்து எலும்பு தட்டினால் எலும்பிலும் கிருமி ஏறியிருக்கலாம், எக்ஸ்ரே வேண்டும். ஓரத்தில் தடித்த தோலை டாக்டர் சீவுவார். வீட்டில் யாரும் பிளேடைத் தொடக்கூடாது. காப்பித்தூள், மஞ்சள், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். சீழ், சிவப்பு, வீக்கம் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை, மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இந்த வாரமே காட்டுங்கள். நாற்றம் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும் கிளம்புங்கள். பால் கேனை நாளையிலிருந்து வேறு யாராவது தூக்கட்டும்.