பிரைமர் பூசிய மட்கார்டு எத்தனை மாதம் தாங்கும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெயிண்ட் டப்பா சமாச்சாரம். மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது போலிருக்கிறது.

கேள்வி (மன்னார்குடி): அப்பா ரைஸ் மில்லுக்கு ஓட்டிய 1986 மாடல் மஹிந்திரா ஜீப்பை வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டிருக்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பாகம் பாகமாகச் செய்வதால் முடிய ஒன்றரை வருடம் ஆகும். துரு எடுத்த பாகத்துக்கு என்ன பிரைமர் அடிப்பது? மூன்று கடையில் கேட்டேன். ஒருவர் ரெட் ஆக்சைடு போதும் என்கிறார், ஒருவர் எபாக்ஸி என்கிறார், இன்னொருவர் டூ-கே சர்ஃபேசர் என்கிறார். அமெரிக்காவில் ஹாட் ராட் கட்டுகிறவர்கள் பிரைமரோடு அப்படியே ஓட்டுகிறார்களே, நானும் விட்டுவிடலாமா?

பதில்: மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் ‘ஒன்றரை வருடம்’ என்பதை அவர்களிடம் சொன்னீர்களா? பட்டறையில் திங்கட்கிழமை பிரைமர் அடித்தால் வியாழக்கிழமை கலர் ஏறிவிடும். வீட்டில் செய்கிறவருக்கு அப்படி நடக்காது. மட்கார்டு தயாராகும்போது இன்ஜின் லேத்தில் கிடக்கும். இன்ஜின் வந்து சேரும்போது தங்கைக்கு வளைகாப்பு வரும். ஆக, உங்களுக்கு வேண்டியது காத்திருக்கத் தெரிந்த பிரைமர். அது எபாக்ஸிதான், ஈரத்தை லேசில் உள்ளே விடாது.

சர்ஃபேசரின் வேலை வேறு. உப்புத்தாள் கீறலையும் பட்டி ஓரத்தையும் நிரப்பிச் சமமாக்குவதற்காக அதில் மாவு அதிகம் சேர்த்திருப்பார்கள். தேய்க்கச் சுகமாக இருக்கும். அந்த மாவேதான் ஈரத்தையும் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கொட்டகையில் கிடந்தால் மேலே சாம்பல் நிறம் அழகாக இருக்க, அடியில் தகரம் துருவேறிக்கொண்டிருக்கும். கலர் அடித்து ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். சர்ஃபேசரைக் கலர் அடிக்கப்போகிற வாரத்தில், எபாக்ஸிக்கு மேலே அடியுங்கள்.

ரெட் ஆக்சைடை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டுக்கும் ஜன்னல் கிராதிக்கும் அது காலங்காலமாக உழைக்கிறது. மேலே சிந்தெடிக் எனாமல் பூசுவதாக இருந்தால் சேஸிஸின் அடிப்பக்கத்துக்குக்கூடப் போதும், செலவும் குறைவு. ஆனால் அதன்மேல் டூகோவோ (தின்னர் ஆவியாகிக் காயும் பழைய ரகப் பெயிண்ட்) டூ-கே பெயிண்டோ (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பது) அடித்தால் அவற்றின் வீரியமான தின்னர் அடியில் இறங்கி ரெட் ஆக்சைடைக் கிளப்பிவிடும். பால் ஆடை சுருங்குவதுபோல் பானெட் முழுக்கச் சுருங்கி நிற்கும். அதற்கப்புறம் சுரண்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஹாட் ராட் விஷயத்துக்கு வருகிறேன். 1930-களில் தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, இன்ஜினை முறுக்கி, மூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் போட்டி விட்டார்கள். அப்படி மாற்றிய வண்டிதான் ஹாட் ராட். கையில் இருந்த காசு முதலில் இன்ஜினுக்குப் போகும், பெயிண்ட் கடைசி. பிரைமர் நிறத்திலேயே வண்டி ஓடியது இப்படித்தான். பிற்பாடு அதுவே ஒரு ஸ்டைலாகிவிட்டது. அது மழை அபூர்வமான ஊர். நம் ஊரில் தை மாதத்து விடியலில் பைக் சீட்டில் கை வைத்துப் பாருங்கள், உள்ளங்கை நனையும். அந்த மங்கல் தோற்றம்தான் பிடிக்கிறது என்றால் எபாக்ஸிக்கு மேல் மேட் ஃபினிஷ் கலர் அடித்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, தகரத்துக்குத் தெரியும்.

எந்த டப்பா வாங்கினாலும் அடிவேலை சரியில்லை என்றால் காசு வீண். துரு எடுத்து, கிரீஸ் துடைத்த பாகத்தின்மேல் சுத்தமான தண்ணீரைத் தெளியுங்கள். ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. வாழை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் போகவில்லை, மறுபடி துடையுங்கள். துரு எடுக்கும் அமிலத் திரவம் போட்டிருந்தால் நன்றாக அலசி உடனே காய வையுங்கள். அமில மிச்சத்தின்மேல் எபாக்ஸி பிடிக்காது. பழைய பெயிண்டை முழுக்க எடுக்காமல் மேலேயே அடிப்பதாக இருந்தால், தின்னரில் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். பஞ்சில் கலர் கரைந்து வந்தால் அது டூகோ. சுருங்கினால் எனாமல், அதைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் டூ-கே போல முழுக்க இறுகிய பெயிண்ட், தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம். 1986 வண்டியின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகளை அருகில் விடாதீர்கள், தூசியை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கம்பெனியின் தொழில்நுட்பத் தாளில் ‘வால்யூம் சாலிட்ஸ்’ (காய்ந்தபின் தகரத்தில் நிற்கும் பங்கு) என்று ஒரு சதவீதம் இருக்கும். கடையில் கேட்டால் போனில் அனுப்புவார்கள். அதைப் பத்தால் பெருக்கி, வேண்டிய மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தால் வகுத்தால் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் வரும் என்று தெரியும். 50 சதவீதம், 50 மைக்ரான் என்றால் 10 சதுர மீட்டர். ஸ்ப்ரேயில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போகும் என்று வையுங்கள். நாலடிக்கு மூணடி பானெட் இரண்டு பக்கமும் சேர்த்து 24 சதுர அடி, அதாவது இரண்டேகால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கலந்த பிரைமர் சுமார் 350 மில்லி போதும். ‘பெரிய டப்பா லாபம்’ என்று கடைக்காரர் 4 லிட்டரைத் தள்ளினால் தலையாட்டாதீர்கள். டூ-கே கலரின் ஹார்டனர் திறந்தபின் காற்றின் ஈரத்தைப் பிடித்துக் கூழாகிவிடும். ஒன்றரை வருட வேலைக்குச் சின்ன டப்பாதான் மலிவு.

பிரைமர், ஹார்டனர், தின்னர் மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். லூஸ் தின்னர் வேண்டவே வேண்டாம். கலவை விகிதம் டப்பாவில் அச்சடித்தபடி, அளவுக் கப்பில். நம் பெயிண்டர்களின் கண் அளவு பாயசத்துக்குச் சரி. எபாக்ஸி அடித்து எத்தனை நாளுக்குள் தேய்க்காமல் மேல் கோட்டு போடலாம் என்பதும் அந்தத் தாளில் இருக்கும். அந்த நாள் தாண்டிவிட்டால் லேசாகத் தேய்த்து, துடைத்துவிட்டு அடியுங்கள். உங்கள் விஷயத்தில் அநேகமாக எல்லாப் பாகத்துக்கும் அது தாண்டியிருக்கும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். பல வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசியில், பின்கட்டில் உட்கார்ந்து என் டிவிஎஸ் ஃபிஃப்டி டேங்குக்குக் கறுப்பு டூகோ அடித்தேன். மழை விட்டிருந்தது, அந்தத் தைரியம்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் டேங்க் விபூதி பூசிய மாதிரி வெளுத்திருந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரத்தின் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெயில் வந்த ஒரு நாள் மெதுவாகக் காயும் தின்னரை மேலே புகையாக விட்டுச் சரிசெய்தேன், முழுசாக அல்ல. டெல்டாவில் மாசிக் கடைசியும் பங்குனியும் நல்ல காலம், காலை பத்து மணிக்கு மேல் மூன்றுக்குள். தை, மாசியில் பக்கத்து வயலில் அறுவடை மிஷின் இறங்கும் வாரத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சுனையும் தூசியும் ஈரப் பெயிண்டில் உட்கார்ந்தால் எடுக்க முடியாது. கத்திரி வெயிலில் வேறு தொல்லை. பெயிண்ட் தகரத்தைத் தொடும் முன்பே காய்ந்து பொடியாக விழும்.

கேள்வி (வேதாரண்யம்): புல்லட் டேங்கையும் மட்கார்டையும் ஒரு பெயிண்டரிடம் கொடுத்து அடித்தேன். சாமான் நான் வாங்கிக் கொடுத்தது, எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். மூன்றாம் மாதமே அம்மை போட்ட மாதிரி கொப்புளம். பெயிண்டர் ‘டப்பா டூப்ளிகேட்’ என்கிறார், கடைக்காரர் ‘வேலை சரியில்லை’ என்கிறார். யாரைப் பிடிப்பது?

பதில்: பிடிப்பதற்கு முன் ஒரு கொப்புளத்தை பிளேடால் கீறிப் பாருங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் பிரிந்திருந்தால் காயாமல் அடுத்த கோட்டு போட்டிருக்கலாம். வெறும் தகரம் தெரிந்து ஈரமோ துருவோ இருந்தால் அடியிலேயே அழுக்கு. பெட்ரோல் மூடியைச் சுற்றி மட்டும் என்றால் வழிந்த பெட்ரோல்தான் காரணம்.

உங்கள் ஊர் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம். வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்க எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர் என்றால், அதன் உப்பு தகரத்தில் காய்ந்து அப்படியே பிரைமருக்கு அடியில் தங்கிவிடும். பெயிண்ட் படலம் நினைப்பதுபோல் நீர் புகாத கவசம் அல்ல. மாங்காயில் உப்புப் போட்டால் எப்படித் தண்ணீர் விடுகிறதோ, அதேபோல் அடியில் இருக்கும் உப்பு வெளி ஈரத்தைப் படலத்தின் வழியாக உள்ளே இழுக்கும். அதுதான் கொப்புளம். கடல்காற்று ஊரில் குடிதண்ணீராலோ பிடித்துவைத்த மழைத் தண்ணீராலோ கடைசி அலசல் செய்ய வேண்டும். பட்டி பார்த்த இடத்தில் தண்ணீர் தேய்ப்பே கூடாது, பட்டி ஈரத்தை உறிஞ்சும்.

சட்டப்படி இருவரும் உங்களுக்குப் பொறுப்பு: கடைக்காரர் பொருளுக்கு, பெயிண்டர் சேவைக்கு. டப்பாவில் மிச்சம் இருந்தால் மூடி ஒட்டி வையுங்கள், பேட்ச் எண்ணைப் படம் எடுங்கள். பொருளில் குறை என்று வாதம் வந்தால் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பெயிண்டர் பில் தராவிட்டாலும் ஜிபே கணக்கும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிதான். முதலில் இருவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம், பதினைந்து நாள் அவகாசம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் கீறிப் பார்த்து உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்தால் கடைக்காரரை விட்டுவிடுங்கள். தண்ணீர் நீங்களே இறைத்துக் கொடுத்தது என்றால் பெயிண்டரோடும் பேசித் தீர்த்துக்கொள்வதே மேல்.

கேள்வி (கும்பகோணம்): சின்ன கம்ப்ரசர் வாங்கியிருக்கிறேன். மாஸ்க் போட்டுக்கொண்டு மாடியில் டூ-கே பெயிண்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகை ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். துணி மாஸ்க்கும் கொரோனா மாஸ்க்கும் தூசிக்கானவை, இந்த ஆவியை நிறுத்தாது. வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். அதற்கு ஆகும் செலவில் பூத் (பெயிண்ட் அடிப்பதற்கான தனி அறை) வைத்திருக்கும் பட்டறையில் கலரை அடித்து வாங்கிவிடலாம். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் நினையுங்கள். தேய்ப்பது, பட்டி பார்ப்பது, பிரஷால் எபாக்ஸி பூசுவது வரை வீட்டில் செய்யலாம். எபாக்ஸிக்கும் கையுறை வேண்டும், தோலில் அரிப்புத் தரும்.

கேள்வி (திருவையாறு): 320 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட பிரைமருக்கு 350 வாங்கினார்கள். ‘ஏற்றுக்கூலி’யாம்.

பதில்: எம்.ஆர்.பி.யில் எல்லாம் அடக்கம். ஜி.எஸ்.டி.யும்கூட. டப்பா படம், பில்லோடு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் தொழிலாளர் துறையிடம்தான் இருக்கிறது. தயாரித்த மாதமும் வருடமும் அச்சிடாத டப்பாவுக்கும் அதே இடம்.

கேள்வி (தஞ்சாவூர்): ஜீப்புக்கு மிலிட்டரி பச்சை அடிக்க ஆசை. ஆர்.சி.யில் வெள்ளை என்று இருக்கிறது.

பதில்: ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும்தான். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி அதை மற்றவர்களுக்குத் தடுக்கிறது. ‘ஊரில் பத்து ஜீப் ஓடுகிறதே’ என்பீர்கள். ஓடுகிறது, எஃப்.சி.க்குப் போகும் நாளில் நிற்கிறது. வேறு எந்த நிறமானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் மாற்றுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்கள். ஷேட் கார்டில் பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று நிறைய இருக்கிறது. மனதுக்குப் பிடித்ததை அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் வாங்கியபின் டப்பாவைத் திறங்கள். கலக்கிய கலரை எந்தக் கடையிலும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.