கல்லாப்பெட்டியும் கணினியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மளிகைக் கடையில் பில் போடும் கணினியின் ஹார்ட் டிஸ்க் திடீரென்று போய்விட்டது. எட்டு மாதக் கணக்கு, கடன் பாக்கி எல்லாம் அதில்தான். தினமும் பேக்கப் எடுத்தோம். ஆனால் டி டிரைவில் வைத்திருந்தோம். எதை மீட்கலாம்? இனி எப்படிச் செய்வது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். உள்ளே சுழலும் தட்டில் முனை உரசி, மிஞ்சிய தகவலும் அழியும். அப்படியே கழற்றி, தகவல் மீட்டுத் தருபவர்களிடம் கொடுங்கள்.

சி, டி என்று இரண்டாகத் தெரிந்தாலும் பல கணினிகளில் அவை ஒரே டிஸ்க்கில் எழுப்பிய இரண்டு தடுப்புகள்தான். வீடு இடிந்தால் இரண்டு அறையும் சேர்ந்தே போகும்.

வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டுபவர் என்றால் கொள்முதல் விவரம் ஜிஎஸ்டி தளத்தின் 2பி அறிக்கையில் கிடைக்கும். சப்ளையர் தாக்கல் செய்திருக்க வேண்டும். சில்லறை விற்பனைக்கு நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை அறிக்கையில் வரி விகிதவாரியான மொத்தம் மட்டுமே இருக்கும். கடன் பாக்கி மட்டும் வேறெங்கும் கிடையாது. உங்களுக்கு நேர்ந்ததில் பெரிய நஷ்டம் அதுதான். ஆகவே வாரம் ஒருநாள் பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

பேக்கப்புக்கு இரண்டு பென் டிரைவ் வாங்குங்கள். ஒன்றில் ‘ஒற்றை’, மற்றதில் ‘இரட்டை’ என்று எழுதி ஒட்டுங்கள். ஒற்றைப்படைத் தேதியில் முதலாவது, இரட்டைப்படையில் இரண்டாவது. இரவு கடை சாத்தும்முன் பில்லிங் மென்பொருளின் பேக்கப் வசதியைக் கொண்டே எடுத்து, டிரைவைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள். பழையதன் மேலேயே எழுதினால், இன்றைய கோப்பு பழுது என்று தெரியும்போது நேற்றையதும் இருக்காது.

கூடுதலாக ஒரு பிரதியை கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி சிறு கடைக்குத் தாராளம். அந்தக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மொபைல் எண்ணில் இருக்கட்டும். மென்பொருள் போட்டுக்கொடுக்க வந்தவர் பெயரில் வேண்டாம். பில் போட்டுக்கொண்டிருக்கும் மூலக் கோப்பையே தானாக ஏறும் ஃபோல்டரில் வைக்காதீர்கள்: பாதி எழுதிய நிலையில் ஏறிக் கெடும், இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும்.

மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். ஓடுகிற கணக்கின் மேல் ஏற்றிவிடாதீர்கள். கடைசி பில் எண், அன்றைய மொத்தம், யாராவது ஒருவரின் பாக்கி – மூன்றும் சரியாக இருந்தால்தான் அது பேக்கப். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் போனில் பச்சை டிக் காட்டிவிட்டுப் போகிறார். எங்களுக்குப் பணம் வந்திருப்பதில்லை. கூட்ட நேரத்தில் எப்படிச் சரிபார்ப்பது?
– டீக்கடைக்காரர், திண்டுக்கல்

பதில்: அவர் போன் சாட்சி ஆகாது. அதே திரையைக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும். அது சிக்னல் இல்லாமலோ சார்ஜ் இறங்கியோ பேசாவிட்டால் உங்கள் செயலியில் பதிவு வர வேண்டும். ஒரே தொகை அடுத்தடுத்து வந்தால், 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கை ஒத்துப் பாருங்கள்.

காலையில் கடை திறந்ததும் உங்கள் கியூஆர் அட்டையை நீங்களே ஸ்கேன் செய்து, கடைப் பெயர் வருகிறதா பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் பணத்தைத் திருப்பும் மோசடி கண்ணுக்குத் தெரியாது. அட்டையின் ஓரத்தை நகத்தால் தடவினால் இரட்டைத் தடிமன் தட்டுப்படும். பணம் பெற யுபிஐ ‘பின்’ (PIN) எண் எதற்கும் தேவையில்லை, கேட்டால் ஏமாற்றுதான். பணம் பறிபோனால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள்.

கேள்வி: தெர்மல் பிரிண்டரில் புது ரோல் போட்டேன். பில் வெள்ளையாகவே வருகிறது.
– ஒரு வாசகர், கரூர்

பதில்: ரோல் திரும்பியிருக்கும். ரசாயனப் பூச்சு ஒரு பக்கம்தான். நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம் பிரிண்டர் ஹெட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பில்லில் நீளவாக்கில் வெள்ளைக் கோடு வந்தால் ஹெட்டில் அழுக்கு. மின்சாரத்தை நிறுத்தி, ஆறியபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். துடைத்தும் கோடு அதே இடத்தில் நின்றால் ஹெட் மாற்ற வேண்டும். இன்னொன்று: உங்களுக்கு வரும் கொள்முதல் பில் தெர்மல் தாளில் இருந்தால் அன்றே நகல் எடுங்கள். வெயில், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை மூன்றும் அந்த எழுத்தை மங்கச் செய்யும்.