நிலாவெளியில் வீட்டுத்தோட்டம்: எதை, எவ்வளவு நடுவது?

நான்கு பேருள்ள குடும்பத்துக்குச் சிறிய வளவில் எதை எவ்வளவு நடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விதை வாங்குவதற்கு முன், ஒரு மாதம் உங்கள் வீட்டில் சமைத்த கறிகளை எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத பயிருக்குப் பாத்தி ஒதுக்க வேண்டியதில்லை. வெண்டியும் பயிற்றையும் ஏறத்தாழ 50 நாளில் காய்க்கத் தொடங்கும் என்பதாலும், பறித்ததும் சமைத்தால்தான் சுவை என்பதாலும், எல்லா விதையையும் ஒரே நாளில் ஊன்றாமல் மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாக ஊன்றுங்கள். முருங்கை வேலியோரம் ஒன்று போதும்.

சேமிக்கும் பயிருக்குத்தான் காலக்கணக்கு மிக முக்கியம். நிலாவெளி உள்ள திருகோணமலையில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரி மழை பெய்வதால், அப்போது வற்றல் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஒக்டோபரில் மிளகாய் நாற்றுப் போட்டு, நவம்பரில் நீர் தேங்காத உயர்பாத்தியில் நட்டால், பெப்ரவரி, மார்ச் வெயிலுக்குக் காய் கிடைக்கும். மோர்மிளகாய்க்கு, முற்றிய பச்சைக் காய்களைக் காம்போடு கீறி, உப்பிட்ட புளித்த தயிரில் இரவில் ஊறவைத்துப் பகலில் பாயில் உலர்த்துங்கள்; தயிர் முழுவதும் வற்றி, குலுக்கும்போது உள்ளே விதை கலகலத்தால் போத்தலில் அடைக்கலாம். பாகலும் கத்தரியும் அதே வெயிலில் வற்றலாகும்.

கரையோர மணல் நீரைப் பிடித்து வைக்காது என்பதால் மாட்டெருவைத் தாராளமாக இடுங்கள். கச்சான் காற்று, அதாவது வறண்ட தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் மூடாக்கு (வைக்கோல், சருகால் பாத்தியை மூடுவது) அவசியம். கிணற்று நீர் உவராகிவிட்டால் பாத்திகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.