சிக்னலில் பச்சை விழுவதற்குள் பின்னால் இருப்பவர் ஏன் ஹாரன் அடிக்கிறார்?

அவசரம்தான் காரணம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவசரம் பாதிதான். முன்னால் நிற்பது என்ன வண்டி என்று பார்த்துத்தான் கை ஹாரனுக்குப் போகிறது.

எனக்கு இட்லி மாவு வியாபாரம். தினமும் காலையில் சாலிகிராமத்திலிருந்து கோடம்பாக்கம் வரை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கடை கடையாகப் போடுவேன். வடபழனி சிக்னலில் முன்வரிசையில் நின்றால் போதும், டைமரில் நாலு, மூன்று என்று ஓடும்போதே பின்னால் கச்சேரி ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மச்சானின் இன்னோவாவை எடுத்துக்கொண்டு அதே சிக்னலில் நின்றால், பச்சை விழுந்து நிதானமாகக் கியர் போட்டுக் கிளம்பினாலும் சத்தமே இல்லை. ஆள் நான்தான். (தண்ணி லாரிக்குப் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிற தைரியசாலியை நான் இதுவரை பார்த்ததில்லை.)

டூப், கிராஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கலிஃபோர்னியாவில் சோதித்துப் பார்த்து 1968-லேயே எழுதியிருக்கிறார்கள். பச்சை விழுந்த பிறகும் காரை நகர்த்தாமல் நிற்பார்கள். சில தடவை பளபளப்பான விலை உயர்ந்த கார், சில தடவை துருப்பிடித்த பழைய கார். 12 நொடிக்குள் ஹாரன் அடித்தவர்கள், பழைய காருக்கு 84 சதவீதம், பெரிய காருக்கு 50 சதவீதம். பழைய காரின் பம்பரை இரண்டு பேர் இடித்தே விட்டார்கள்! எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். கல்லூரி மாணவர்களிடம் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று தனியாகக் கேட்டபோது, பையன்கள் பெரிய காருக்குத்தான் சீக்கிரம் அடிப்போம் என்றார்களாம்.

வெறும் சத்தம்தானே என்று விட முடியாது. குறுக்குச் சாலையில் மஞ்சளில் நுழைந்த கடைசி வண்டி அப்போதுதான் நடுவில் வந்துகொண்டிருக்கும். போன மழைக்காலத்தில் பின்னால் ஒருத்தர் விடாமல் அடிக்க, டைமரில் ஒரு நொடி பாக்கி இருக்கும்போதே ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டேன். வலது பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. பிரேக்கை அழுத்தியதில் வண்டி வழுக்கிச் சாய்ந்தது. முட்டியில் சிராய்ப்பு, ஆறு பாக்கெட் மாவு ரோட்டில். மழைத் தண்ணியில் கலந்து வெள்ளையாக ஓடி, ஸ்டாப் லைன் எது மாவு எது என்று தெரியவில்லை. ஹாரன் அடித்தவர் என்னைச் சுற்றிக்கொண்டு போயே போய்விட்டார். அவரைத் திட்டிப் பயனில்லை, முறுக்கியது என் கை.

மச்சானோடு காரில் போகும்போது இந்த ஆராய்ச்சியைச் சொன்னேன். "நானெல்லாம் பெரிய வண்டிக்காரனைத்தான் மாமா அடிப்பேன்" என்றான். பவர் ஹவுஸ் சிக்னலில் எங்களுக்கு முன்னால் கம்பி ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று. அந்தப் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் ஹாரனை அமுக்கினான். நான் திரும்பிப் பார்த்தேன்.

"தூங்குறாரு மாமா" என்றான்.

டைமரில் இன்னும் நாலு நொடி இருந்தது.