தொண்டி நண்பருக்கு: கடலடி யாருக்குச் சொந்தம்?

கரியமில வாயுவைக் கடலுக்கு அடியில் புதைக்கப் போவதாகப் பேச்சு, ஊர்க் கமிட்டி கையெழுத்துப் போட்டால் நண்டு வலை போடும் இடம் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். தம்பி, கடலடியை எழுதிக்கொடுக்க ஊர்க் கமிட்டிக்கு அதிகாரமே இல்லை. அரசியலமைப்பின் 297-ஆவது பிரிவுப்படி, 12 கடல் மைல் எல்லைக்குள் அடியில் கிடக்கும் நிலம் ஒன்றிய அரசுடையது. அந்த எல்லைக்குள் மீன்பிடிப்பு மாநிலத்தின் கையில். பிரிட்டனில் கூட கடலடிக் குத்தகை தருவது அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட், வாயு செலுத்த உரிமம் தருவது வேறோர் அமைப்பு.

நார்வேயின் ஸ்லெய்ப்னர் என்ற கடல் எரிவாயு வயலில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடல்தரைக்குச் சுமார் 800 மீட்டருக்கும் கீழே, மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். அதனால் வலைக்கு முதல் இடைஞ்சல் மேலே நடக்கும் வேலைதான். ஆய்வுக் கப்பல் நீளமான கேபிளை இழுத்து வரும். கடலில் மேடை கட்டினால் சுற்றி 500 மீட்டர் வரை தடை போடலாம். சாயங்காலம் விட்ட வலையை விடியலில் எடுக்கப் போகும்போது கப்பல் குறுக்கே நின்றால் அன்றைய பாடு போச்சு.

சரி, இப்போதே வலை போடும் இடங்களை ஜிபிஎஸ்ஸில் குறித்து, மீன்வளத் துறையிடம் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மன்னார் வளைகுடாவுக்கு 1986-இல் அறிவித்த தேசியப் பூங்கா இருக்கிறது. தொண்டிக்கு அந்தக் காப்பு கிடையாது.