டெக் அண்ணன் பதில்கள்: பேய்களின் குறைதீர்க்கும் நாள்

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 1987 முதல் வீடியோ கேசட் கடை வைத்திருந்தவன். டிவி, டெக் (கேசட்டைப் போட்டுப் படம் ஓட்டுகிற வி.சி.ஆர். பெட்டி), மூன்று கேசட், எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகை 100 ரூபாய். சிடி வந்தது, டிவிடி வந்தது, அப்புறம் செல்போன் வந்து கடைக்கு ஷட்டர் போட்டுவிட்டது. இப்போது கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, மனு டைப் அடித்துக் கொடுக்கிறேன். 'ரீவைண்ட் செய்து தரவும், தவறினால் அபராதம் ரூ.2' என்று எழுதிய பழைய போர்டு இன்னும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பேய்ப் படம் பற்றி. சரி, அதையே பார்த்துவிடுவோம்.

ஹாஸ்டலில் ஆறு பேர் சேர்ந்து சனிக்கிழமை ராத்திரி படம் பார்க்கப் போகிறோம். தமிழ்ப் பேய்தான் வேண்டும், காமெடி கூடாது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள் அண்ணா.
(கல்லூரி மாணவர், பர்கூர்)

'டிமான்டி காலனி', 2015இல் வந்த முதல் பாகம். அஜய் ஞானமுத்துவின் முதல் படம். நான்கு நண்பர்கள் ஓர் அறையில் மாட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை. ஹாஸ்டல் அறையில், வெளித் தாழ்ப்பாள் சரியாக வேலை செய்யாத கதவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதற்கென்றே எடுத்த மாதிரி இருக்கும். ஒரு நிபந்தனை: ஆறு செல்போனையும் ஒரு பக்கெட்டில் போட்டு வராந்தாவில் வைத்துவிடுங்கள். ஒருவன் போனைத் தட்டிக்கொண்டிருந்தாலும் பேய் வராது.

ஒன்றுதான் கேட்டீர்கள், ஆனாலும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறிவழகன் எடுத்த 'ஈரம்' (2009). அதில் பேய் வருவதே தண்ணீரில்தான். பார்த்துவிட்டுப் படுத்த ராத்திரி எங்கள் வீட்டுப் பின்கட்டுக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. எழுந்து போய் மூட எனக்கு மனசு வரவில்லை. விடிவதற்குள் ஒரு பக்கெட் நிறைந்து வழிந்திருந்தது. வீட்டில் கேட்டார்கள். தூங்கிவிட்டேன் என்றேன்.

என் வீட்டுக்காரர் பேய்ப் படம் பார்க்கும்போது பயம் வரும் இடத்தில் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுகிறார். கேட்டால் 'பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு' என்கிறார். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்.
(வாசகி, ஓசூர்)

பக்கத்து வீட்டுக்காரர் பாவம், அவரை இதில் இழுக்க வேண்டாம். உங்களவருக்குப் பயம். தப்பில்லை. ஆனால் சத்தத்தைக் குறைத்தால் பயம் போய்விடும் என்று அவர் நினைத்தால், ஒரு கதை சொல்கிறேன், கேட்கச் சொல்லுங்கள்.

வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு ஊர், காதுகுத்து வீடு. டிவியை வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு போனோம். முதலில் சாமி படம், அப்புறம் ரஜினி படம், ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் பேய்ப் படம். எந்த ஊரானாலும் வரிசை இதுதான், மாற்றினால் சண்டை வரும். மூன்றாவது கேசட் 'மை டியர் லிசா'. போட்ட பத்தாவது நிமிடம் டிவி ஸ்பீக்கர் செத்துப்போனது. படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. கதாநாயகி வாயைத் திறந்து கத்துகிறாள், பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருக்கிறது. மொத்த ஊரும் சிரிக்கிறது. எனக்கு வாடகை போய்விடுமே என்று கவலை.

முன் வரிசையில் ஒரு பாட்டி முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், யாருக்கோ சொல்கிற மாதிரி ஆரம்பித்தார். "அதிகோ, ஒஸ்தாந்தி... வர்றா பாரு. கொலுசு கேக்குதா? அவ கால்ல போட்டது இல்ல அது, வேற ஒருத்தி கொலுசு." படத்தில் கொலுசே கிடையாது. தெலுங்கும் தமிழும் கலந்து, கடலைத் தோல் உடைகிற 'டக் டக்' சத்தத்துக்கு நடுவே அவர் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றது. சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அம்மா மடிக்குள் போய்விட்டன. படம் முடிந்தும் யாரும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. பொழுது விடியும்வரை டிவிக்கு முன்னாலேயே படுத்துக்கொண்டார்கள். எனக்கு வாடகைக்கு மேல் 20 ரூபாய் கிடைத்தது. அதில் பாதி அந்தப் பாட்டிக்குச் சேர வேண்டியது. கொடுக்கவில்லை, இன்னும் உறுத்துகிறது.

ஆகவே சத்தத்தைக் குறைத்தால் மிச்சத்தை மண்டை தானே போட்டுக்கொள்ளும், அது இன்னும் மோசம். ராத்திரி வேண்டாம் என்றால் மத்தியானம் பார்க்கச் சொல்லுங்கள். 'யாவரும் நலம்' (2009) போடுங்கள். மாதவன் வீட்டில் தொல்லை வருவதே மத்தியானம் 1 மணிக்கு ஓடுகிற ஒரு டிவி சீரியல் வழியாகத்தான்.

போன இதழில் 'காஞ்சனா'வை 'சர்க்கஸ்' என்று எழுதினீர்கள். நாங்கள் குடும்பத்தோடு நான்கு முறை பார்த்த படம். உங்களுக்கு ரசிக்கத் தெரியாவிட்டால் சும்மா இருக்கலாமே?
(வாசகர், போச்சம்பள்ளி)

திட்டு நியாயம்தான், வாங்கிக்கொள்கிறேன். சர்க்கஸ் என்றது லாரன்ஸ் அம்மா இடுப்பில் ஏறி உட்காருகிற முதல் பாதியை. இரண்டாம் பாதியில் சரத்குமார் திருநங்கையாக வந்து நிற்கும் இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். 2011இல் ஒரு பெரிய ஹீரோ அந்த வேடத்தை ஏற்று, கிண்டலுக்கு இடம் கொடுக்காமல் நடித்தது சாதாரண விஷயம் இல்லை.

என் கோபம் அதற்குப் பின்னால் வரிசை கட்டிய படங்கள் மேல். பழைய பங்களா, நான்கு காமெடியன், வெள்ளைப் புடவை. இதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை, கணக்கும் ஒரு காரணம் என்பது என் கட்சி. தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று இருந்ததை, 2011இல் 'யு' சான்றிதழும் வேண்டும் என்று மாற்றினார்கள். பேய் நிஜமாகப் பயமுறுத்தினால் 'யு' எங்கே கிடைக்கும்? பேய் பல்லைக் காட்டினால் வரி, கதாநாயகன் பல்லைக் காட்டினால் விலக்கு. 2017இல் ஜிஎஸ்டி வந்து அந்தக் கணக்கே போய்விட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை.

தமிழ்ப் பேய்களுக்கு மட்டும் ஏன் கட்டாயமாக ஒரு பிளாஷ்பேக்? வெளிநாட்டுப் பேய் காரணமே சொல்லாமல் பிடித்துக்கொள்கிறதே?
(பள்ளி ஆசிரியை, காவேரிப்பட்டினம்)

டீச்சர், திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை என் கடைப் பக்கம் வாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். ஏழு மணிக்கே ஆள் வந்துவிடும். மஞ்சப்பையில் பட்டா, வில்லங்கம், பழைய மனுவின் ரசீது. உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். "எங்க தாத்தா காலத்துல..." என்றுதான் தொடங்குவார்கள். நான் 'அனுப்புநர், பெறுநர், பொருள்' என்று அடிப்பதற்குள் மூன்று தலைமுறை ஓடிவிடும். அதுதான் பிளாஷ்பேக்.

நம் பேயும் மனுதாரர். 'காஞ்சனா'வை நான் டைப் அடித்தால், 'பொருள்: ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை அபகரித்துக் கொலை செய்தவர்கள் மீது நடவடிக்கை கோருதல் சார்பாக' என்று வரும். 'சந்திரமுகி'க்கு, 'காதலன் தலையை வெட்டி என்னையும் எரித்த அரசர் மீது' என்று வரும். உயிரோடு இருந்தபோது ஆபீஸ் ஆபீஸாக அலைந்தும் நடக்காதது, செத்த பிறகு இரண்டு மணி நேரத்தில் நடக்கிறது. ஜனங்கள் கைதட்டுவது அதற்குத்தான். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்ட மண் இது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் அந்த நடுகற்களைப் போய்ப் பாருங்கள். செத்தவருக்குப் பாக்கி வைக்கக் கூடாது என்பது இங்கே பழைய வழக்கம்.

இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. மனுவைப் படித்ததும் பயம் போய்விடுகிறது. பாவமாகிவிடுகிறது. இடைவேளைவரை குலை நடுங்க வைத்த பேய், பிளாஷ்பேக் முடிந்ததும் நம் வீட்டு அக்கா ஆகிவிடுகிறாள். 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) இன்றும் பயமாக இருப்பது, அந்தச் சின்னப் பெண்ணை ஏன் பிடித்தது என்று அது கடைசிவரை விளக்கம் கொடுக்காததால்தான்.

இரண்டுக்கும் நடுவே ஜப்பான்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். 1998இல் ஹிதேயோ நகாதா எடுத்த 'ரிங்கு'. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தால் ஏழாம் நாள் சாவு. (கேசட் கடைக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?) அங்கேயும் மனு இருக்கிறது. கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட பெண். தேடிப் போய் எலும்பை எடுத்துவிடுகிறார்கள். 'மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று நாம் மூச்சு விடுகிறபோது அவள் டிவிக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வருகிறாள். நியாயம் கிடைத்த பிறகும் நிற்காத பேய்! தப்பிக்க ஒரே வழி, கேசட்டைக் காப்பி எடுத்து இன்னொருவருக்குக் காட்டுவது. அந்தக் காலத்தில் பாதி கேசட் கடைகள் பிழைத்ததே அந்த வழியில்தான். அதனால் என்னை ஒன்றும் செய்திருக்காது.

பழிவாங்காத தமிழ்ப் பேயும் உண்டு. மிஷ்கினின் 'பிசாசு' (2014) பாருங்கள். செத்துப்போன மகளிடம் ராதாரவி பேசுகிற காட்சியில் பயம் என்ற வார்த்தையே மறந்துபோகும்.

என் பையனுக்கு 9 வயது. பேய்ப் படம் பார்த்தே தீருவேன் என்று அடம். காட்டலாமா?
(வாசகி, ஊத்தங்கரை)

2024இலிருந்து சென்சாரில் 7, 13, 16 என்று வயது போட்டு 'யு/ஏ' கொடுக்கிறார்கள். போஸ்டர் மூலையில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஆசைக்கு 'மை டியர் குட்டிச்சாத்தான்' போதும். பேய்தான், ஆனால் பிள்ளைகளோடு கூட்டுச் சேர்கிற பேய். நான் அவசரப்பட்டு என் மகளுக்கு ஏழு வயதில் ஒரு படத்தைக் காட்டிவிட்டு, இரண்டு வாரம் பின்கட்டு பாத்ரூமுக்கு வெளியே நின்று 'இருக்கேன், இருக்கேன்' என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி அந்த இரண்டு வாரமும் பேசவில்லை.

கதவில் 'நாளெ பா' என்று எழுதிவைத்தால் பேய் வராது என்று எங்கள் தாத்தா சொல்வார். அதைப் படமாக எடுத்திருக்கிறார்களாமே?
(வாசகர், தேன்கனிக்கோட்டை)

ஆமாம், இந்தியில் 'ஸ்த்ரீ' (2018). கன்னடத்தில் 'நாளை வா' என்று எழுதிவைத்தால் பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாளும் வந்து அதையே படிக்கும். படத்தில் இடத்தை மத்தியப் பிரதேசத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பேயின் மரியாதை. எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் போகிறது. 'நாளை வா' என்றால் நம் மனுதாரர்களும் அப்படித்தான் போகிறார்கள்.

நீங்கள் பார்த்த முதல் பேய்ப் படம்?
(வாசகர், மத்தூர்)

'யார் நீ?' (1966). டூரிங் கொட்டகையில், பல வருடம் கழித்து வந்த தேய்ந்த பிரிண்ட். 'நானே வருவேன்' பாட்டுக்கு மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கடைசியில் பேயே இல்லை, எல்லாம் மனுஷன் சதி என்றார்கள். அன்றைக்கு வந்த ஏமாற்றம் இன்னும் தீரவில்லை.

அண்ணா, 1992 பொங்கல் லீவில் உங்கள் கடையில் '13ஆம் நம்பர் வீடு' கேசட் எடுத்தேன். பார்த்த மறுநாள் தங்கைக்குக் காய்ச்சல். அம்மா கேசட்டை மஞ்சள் துணியில் சுற்றி மாந்தோப்பில் புதைத்துவிட்டார். உங்களிடம் தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். போன மாதம் வீடு கட்டக் கடைக்கால் தோண்டினோம். பெட்டியோடு கிடைத்துவிட்டது. அம்மா இப்போதும் அதை வீட்டுக்குள் விட மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், காவேரிப்பட்டினம் பக்கம்)

தம்பி, உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பரண் மேல் ஏறி அந்த வருட நோட்டை எடுத்தேன். கரையான் மேல் ஓரத்தை மட்டும் தின்றிருக்கிறது. உன் பெயர் இருக்கிறது, 'திரும்பவில்லை' என்று சிவப்பு மையில் நான் எழுதியது இருக்கிறது. தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 5 ரூபாய். 33 வருடத்துக்கு 60 ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. அதை விடு. தங்கை நன்றாக இருக்கிறாரா? அதை எழுதவே இல்லையே.

கேசட்டை ஈரத்துணியால் துடைக்காதே, டேப் ஒட்டிக்கொள்ளும். அந்த மஞ்சள் துணியோடு அப்படியே எடுத்து வா. அம்மா கேட்டால், வாங்கின இடத்திலேயே கொடுத்துவிட்டேன் என்று சொல். என்னிடம் ஒரு டெக் இன்னும் ஓடுகிறது, ஹெட் கிளீன் பண்ணி வைக்கிறேன். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டமாக இருக்கும்.

ரீவைண்ட் பண்ணாமல் புதைத்திருந்தால் 2 ரூபாய், அது தனி.