முதலில் நெகட்டிவைப் பாருங்கள்: பிலிம் கேமரா கேள்வி – பதில்

தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000 கேமராவில் முதல் ரோல் எடுத்தேன். லேபில் கழுவிவிட்டு, "படமே விழவில்லை" என்று வெற்றுச் சுருளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேமரா கெட்டுவிட்டதா, அவர்கள் கெடுத்துவிட்டார்களா?
– வாசகர், திருச்சி

சுருளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். யார் பக்கம் தவறு என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத் துளைகளை ஒட்டிப் பாருங்கள். பிலிமின் பெயரும் 1, 1ஏ, 2, 2ஏ என்று எண்களும் இருக்க வேண்டும். அவை தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது.

எழுத்துகள் அடர்த்தியாக, தெளிவாக இருந்து, நடுவில் மட்டும் ஒன்றும் இல்லையா? கழுவியதில் குறையில்லை, பிலிம் மேல் வெளிச்சமே படவில்லை. எழுத்துகளும் இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் டெவலப்பர் (உருவத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) வேலை செய்யவில்லை. அது பழசாகிச் செத்திருக்கும், அல்லது உருவத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருப்பார்கள். எழுத்துகள் மங்கலாக இருந்தால் டெவலப்பரில் போதிய நேரம் இருக்கவில்லை. ஓரம் உட்பட மொத்தமும் கறுப்பு என்றால் கழுவும் முன்பே எங்கோ வெளிச்சம் பட்டிருக்கிறது.

முதல் ரோலில் அதிகம் நடப்பது முதலாவதுதான். பிலிம் நுனி எதிர்ப்பக்கச் சுருளில் பிடிக்காமல் நழுவியிருக்கும். நீங்கள் லீவரை இழுக்க இழுக்க கவுண்டர் மட்டும் ஓடியிருக்கும். அடுத்த ரோலைப் போட்டு மூடியதும், ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி திசையில் இலேசாகத் திருகி, பிலிமின் தொய்வை எடுத்துவிடுங்கள். அதன்பின் லீவரை இழுக்கும்போது அந்தக் கைப்பிடி எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் உடனே திறந்து மறுபடி மாட்டுங்கள். நுனியில் இரண்டு படத்துக்கான நீளம்தான் வீணாகும்.

நுனி பிடித்திருந்தும் வெற்றாக வந்தால் ஷட்டரைப் பாருங்கள். பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, கேமராவை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து 1/60, 1/250, 1/1000 என்று ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பழைய துணித்திரை ஷட்டர்கள் மெதுவான வேகத்தில் ஒழுங்காகத் திறந்துவிட்டு, 1/1000-இல் திறக்காமலே ஓடிவிடுவது உண்டு.

கேனோநெட் கியூஎல்17-க்கு 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் போடலாமா?
– வாசகர், ஈரோடு

போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும், படம் இருண்டு வரும். காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 ஜிங்க்-ஏர் செல் ஏறத்தாழ 1.4 வோல்ட் தரும். அதுவே சரியான மாற்று. விட்டம் சிறியது என்பதால் ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றி நடுவில் நிற்க வையுங்கள். ஸ்டிக்கரை உரித்த நாளிலிருந்தே செல் தீரத் தொடங்கும்.

மீட்டரே இல்லாவிட்டாலும் நம் ஊர் வெயிலில் கவலையில்லை. 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) பிலிமுக்கு உச்சி வெயிலில் 1/500 வினாடி, லென்ஸ் துளை எஃப்/16 (எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). திறந்தவெளி நிழலில் எஃப்/5.6. உச்சி வெயிலில் முகங்களின் கண்குழி இருண்டுவிடும். முகம்தான் முக்கியம் என்றால் எஃப்/11 அல்லது எஃப்/8-க்குத் திறந்துவிடுங்கள். நெகட்டிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். குறைந்தால்தான் தாங்காது: நிழலில் பதியாத விவரத்தை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது.

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை பிலிம் கழுவ ஆசை. எல்லா அட்டவணையும் 20 டிகிரி என்கிறது. மே மாதம் எங்கள் குழாயில் 32 டிகிரியில் தண்ணீர் வருகிறது. இருட்டுப் பைக்குள் கை வியர்த்து ரீலில் பிலிம் ஏறவும் மறுக்கிறது.
– வாசகி, மதுரை

20 டிகிரியைப் பிடிக்கப் போராட வேண்டாம். 24-க்கு இறக்கினால் போதும், நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரிக்கு 13 நிமிடம். 24 டிகிரிக்குச் சுமார் 9 நிமிடம். ஆனால் 30 டிகிரியில் கழுவி நேரத்தை 5 நிமிடத்துக்கும் கீழே கொண்டுபோகாதீர்கள். ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் சில வினாடிகளே அப்போது படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

வெளிச்சம் புகாமல் பிலிம் கழுவும் பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 300 மி.லி. போதும்: 150 டெவலப்பர், 150 தண்ணீர். ஃபிக்ஸர் பாட்டில், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே வாளித் தண்ணீரில் நிறுத்தி, ஐஸ் கட்டிகளை மூடிய கவரில் போட்டு அந்த வாளிக்குள் விடுங்கள். எல்லாம் ஒரே சூட்டில் இருப்பதுதான் இங்கே முக்கியம். 24 டிகிரி டெவலப்பரிலிருந்து எடுத்து 32 டிகிரி குழாய்த் தண்ணீரில் காட்டினால் பிலிம் மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சு திடீரென்று உப்பி, வறண்ட ஏரிப்படுகை மாதிரி நுண்ணிய வெடிப்பு விழலாம். அதைத் திருத்த வழியில்லை.

டெவலப்பரை ஊற்றியதும் 10 வினாடிக்குள் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். டேங்கை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்கள் விடும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல் நான்கு முறை. வடித்துவிட்டு, ஒரு நிமிடம் வெறும் தண்ணீரில் அலசுங்கள். ரேபிட் ஃபிக்ஸர் என்றால் 60 மி.லி.க்கு 240 தண்ணீர், 3 முதல் 5 நிமிடம். ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வெட்டிய பிலிம் நுனியை அதில் போடுங்கள். பால்நிறம் போய்த் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்குதான் உங்கள் ஃபிக்ஸ் நேரம். காய்ந்த நெகட்டிவ் பால்போல் கலங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டால் தெளிந்துவிடும்.

கழுவ ஓடும் தண்ணீர் வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 10 முறை. மறுபடி 20 முறை. கடைசி அலசல் மட்டும் போர் தண்ணீரில் கூடாது, உப்பு வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்து நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 300 மி.லி., அதில் ஒன்றரை மி.லி. வெட்டிங் ஏஜெண்ட் (தண்ணீர் துளியாக நிற்காமல் வழியச் செய்யும் திரவம்). தாராளமாக ஊற்றினால் அதுவே கோடுகளாகப் படியும். குளியலறையில் கொடி கட்டி, கீழே ஒரு கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, கதவைச் சாத்துங்கள். ஃபேன் வேண்டாம், ஈரப் பிலிமில் ஒட்டிய தூசி காய்ந்தபின் பெயராது.

வியர்வைக்கு வருகிறேன். பிளாஸ்டிக் ரீலில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் நின்றுவிடும். முந்தைய நாள் கழுவிய ரீல் வேண்டாம், நன்றாகக் காய்ந்ததை எடுங்கள். பிலிம் நுனியின் இரண்டு முனைகளையும் கத்தரியால் இலேசாக வளைத்து வெட்டினால் துளை விளிம்பு மாட்டாது. ரீலில் ஏற்றுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் சிக்கிக்கொண்டால் பலத்தைக் காட்டாதீர்கள். பிலிமைத் தளர்வாகச் சுருட்டி டேங்குக்குள் விட்டு, நடுக்குழாயையும் மறக்காமல் வைத்து மூடியைத் திருகிவிட்டால் வெளிச்சம் புகாது. கையை வெளியே எடுத்து, துடைத்து, பையைக் காற்றாட வைத்து, கால் மணி நேரம் கழித்து நிதானமாகத் தொடருங்கள்.

லேப் தரும் ஸ்கேன் வாட்ஸ்அப் படம் மாதிரி இருக்கிறது. ஃப்ளாட்பெட் ஸ்கேனர் வாங்கவா? கையில் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் உள்ளன.
– வாசகர், கோயம்புத்தூர்

120 என்னும் அகலமான பிலிம் எடுப்பவர் என்றால் ஃப்ளாட்பெட் நல்லது. 35 மி.மீ. மட்டும் என்றால் இருக்கும் கேமராவே போதும். 36 மி.மீ. அகலத்தை 6000 பிக்சலில் பிடித்தால் அங்குலத்துக்கு 4,200 புள்ளிக்கு மேல் வருகிறது. 20 அங்குல அகலத்துக்கு பிரிண்ட் போடலாம்.

மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ்கூட உடனே வேண்டாம். உங்கள் சென்சாரின் அகலம் 23.5 மி.மீ., நெகட்டிவின் அகலம் 36. ஆகவே தேவைப்படும் உருப்பெருக்கம் 0.65 மட்டுமே. லென்ஸை எவ்வளவு முன்னால் தள்ளுகிறோமோ, அதைக் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 12, 20 மி.மீ. எக்ஸ்டென்ஷன் வளையங்கள் இரண்டையும் சேர்த்து மாட்டி, ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் 32-ஐ 50-ஆல் வகுக்க 0.64. சட்டம் அப்படியே கச்சிதமாக நிறையும். 36 மி.மீ. வளையம் போட்டால் ஓரம் வெட்டுப்படும்.

விளக்குக்கு சிஆர்ஐ (நிறங்களை உண்மையாகக் காட்டும் அளவு) 95-க்கு மேல் உள்ள எல்ஈடி பலகை. செல்போன் திரையை வைத்தால் அதன் பிக்சல்கள் படத்தில் வலையாக விழும். மலிவான எல்ஈடி துடிக்கும். வேகமான ஷட்டரில் பட்டை பட்டையாக வரும், 1/15 அளவுக்கு மெதுவாக்கினால் போய்விடும். நெகட்டிவைச் சுற்றிக் கசியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்து, அறை விளக்கை அணையுங்கள். இதைச் செய்யாததால்தான் பலருடைய ஸ்கேன் வெளிறிப்போகிறது.

கேமரா நேராக நிற்கிறதா என்று பார்க்க ரசமட்டம் தேடவேண்டாம். நெகட்டிவ் வைக்கும் இடத்தில் சிறு கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸ் தன் பிம்பத்தைத் திரையின் நட்ட நடுவில் பார்க்கும்வரை சரிசெய்யுங்கள். அது நடுவுக்கு வந்துவிட்டால் நான்கு மூலையும் கூர்மையாக இருக்கும். பளபளப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும். ஓர எழுத்துகள் நேராகப் படிக்க வந்தால் சரி. எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல், 2 வினாடி டைமர். ஃபோகஸைப் படத்தில் உள்ள முகத்தில் வைக்காதீர்கள். லைவ் வியூவைப் பெரிதாக்கினால், மங்கலாக ஆடிக்கொண்டிருக்கும் பரப்பு ஒரு கணத்தில் மணல்மணலாகத் துலங்கும். அந்த மணல்தான் கிரெய்ன், உங்கள் பிலிமின் உண்மையான தோல். அதைத் திரையில் முதன்முறை பார்க்கும் சந்தோஷத்துக்காகவே இதைச் செய்யலாம்.

கலர் நெகட்டிவில் ஆரஞ்சு நிறம் அழுக்கு அல்ல. சாயங்களின் நிறக்குறையைச் சரிக்கட்ட வேண்டுமென்றே சேர்த்தது. ஒவ்வொரு ரோலிலும் படம் விழாத ஓரத்தைச் சேர்த்து ஒரு படம் எடுத்து, அதிலிருந்து நிறத்தை எடுத்துக் கழியுங்கள். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகாடாக்டர் என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது.

ஒரே நெகட்டிவை இரண்டு லேபில் ஸ்கேன் செய்தேன். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். எது அசல்?
– வாசகி, புதுச்சேரி

இரண்டும் இல்லை. நெகட்டிவில் முடிந்த முடிவான நிறம் கிடையாது. ஸ்கேன் செய்பவரோ இயந்திரமோ முடிவெடுக்கிறது. தானாகத் திருத்தாமல், காண்ட்ராஸ்ட் குறைவாக, டிஃப் ஃபைலாகக் கேளுங்கள். எந்த லேபாக இருந்தாலும் நெகட்டிவைத் திருப்பி வாங்காமல் வராதீர்கள்.

அப்பா நடத்திய ஸ்டுடியோவின் 120 நெகட்டிவ்கள் பெட்டி நிறைய உள்ளன. ஊட்டியில் தயாரான "இந்து" பிலிம்கள். பூஞ்சை பிடித்திருக்கிறது, சிலவற்றில் வினிகர் வாடை. தண்ணீரில் கழுவலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கூடவே கூடாது. பூஞ்சை ஜெலட்டினைத் தின்று இளக்கிவைத்திருக்கும். தண்ணீர் பட்டால் உருவம் கரைந்து கையோடு வரும். முதலில் இருக்கிற நிலையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அதன்பின் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத மென்துணியில் தொட்டு, பளபளப்பான பக்கத்தை முதலில், மங்கிய பக்கத்தைப் பட்டும் படாமலும் துடைக்கலாம். ஆழமாக இறங்கிய கிளைகள் போகாது. ஸ்கேனரின் தூசி நீக்கும் இன்ஃப்ராரெட் வசதியும் இங்கே உதவாது. கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளியே அந்தக் கதிரை மறைப்பதால், உருவத்தையே தூசி என்று எடுத்துக்கொள்ளும்.

வினிகர் வாடை அசிட்டேட் சிதைவதன் அறிகுறி. அந்த ஆவி மற்றவற்றையும் கெடுக்கும், உடனே தனியே பிரியுங்கள், அவற்றையே முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மீதியை பாலிபுரோப்பிலீன் உறையிலோ அமிலமில்லாத காகித உறையிலோ போட்டு, சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். பிவிசி உறை வேண்டாம். அந்துருண்டை ஈரத்தை உறிஞ்சாது.

ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அது இயங்கவில்லை. உங்கள் பெட்டியில் இருப்பது ஒரு குடும்பத்தின் படங்கள் மட்டும் அல்ல. உறைமேல் எழுதியிருக்கும் பெயர், தேதி எதையும் அழிக்காமல், ஸ்கேன் ஃபைலிலும் அதையே எழுதி வையுங்கள்.

விமான நிலையத்தில் எக்ஸ்ரே?
– வாசகர், சென்னை

செக்-இன் பெட்டியில் பிலிம் வைக்கவே கூடாது. கைப்பைக்கு வந்திருக்கும் புதிய சிடி ஸ்கேனர்களும் பிலிமைப் புகைமூட்டமாக்கும். ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே தெரியும் கவரில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

கோயில் திருவிழாவில் இரவுத் தேரை எச்பி5-இல் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

தாராளமாக. மீட்டரில் 1600 வைத்து எடுத்துவிட்டு, ஐடி-11-ஐத் தண்ணீர் கலக்காமல் 20 டிகிரியில் 14 நிமிடம் கழுவுங்கள். நேரத்தைக் கூட்டுவது பிலிமுக்குப் புதுக் கண் கொடுப்பதில்லை. விளக்கு பட்ட இடங்கள் மேலெழும், இருட்டு இருட்டாகவே நிற்கும், கிரெய்ன் கூடும். தீவட்டிக்கு அருகில் வரும் முகங்களுக்குக் காத்திருங்கள். சீரியல் பல்புகள் சட்டத்துக்குள் வந்தால் மீட்டர் ஏமாந்துபோகும். ஒரு முகத்துக்கோ கைக்கோ பக்கத்தில் போய் அளந்து, அதே அளவில் எடுங்கள். 1/60, எஃப்/2-இல் தொடங்கலாம். ரோல் முடிந்ததும் மேலே மார்க்கரால் 1600 என்று பெரிதாக எழுதிவிடுங்கள், பையில் கிடக்கும் மற்ற 400 ரோல்களோடு கலந்துவிடும்.